மூணு மாசம் ஆகும்னாங்க, ஒம்பது நாள்தான் ஆச்சு: டிஸ்கார்ட் மெசேஜ் மைக்ரேஷன், ஒரு நிகழ்வு ஆய்வு

எந்த ஆஃபீஸ்ல வேணா பாருங்க, டேட்டாபேஸ் மாத்தப் போறோம்னு பேச்சு எடுத்த உடனே மேனேஜர் கேக்குற மொத கேள்வி "எத்தன நாள் ஆகும்?"னு தான் இருக்கும். நாமளும் உடனே மொத்த டேட்டா இத்தன டெராபைட், நெட்வொர்க் வேகம் இவ்ளோ, வகுத்தா இத்தன மணி நேரம், கூட கொஞ்சம் சேத்துப்போம்னு ஒரு வாரம்னு சொல்லி வெப்போம். அந்த ஒரு வாரம் மூணு வாரமாகி, மூணு வாரம் ரெண்டு மாசமாகி, கடைசில 97 பர்சென்ட்ல போய் நின்னுகிட்டு ஏன் நகர மாட்டேங்குதுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு லாக் ஃபைல மொறச்சுகிட்டு உக்காந்திருப்போம். எனக்கு நடந்திருக்கு, இத படிக்கிறவங்கள்ல பாதி பேருக்கும் நடந்திருக்கும்.

வகுத்தது சரிதான், எத எதால வகுத்தோம்ங்கறதுல தான் கோளாறு. டேட்டா எவ்ளோ இருக்குன்னு பாக்குறோம், அது எப்டி கெடக்குன்னு பாக்குறதில்ல. அதுலயும் ஏற்கனவே அழிச்சுட்ட டேட்டா இருக்கே, கணக்குலயே வராதது, சைஸ்லயும் பெருசா தெரியாதது, அது தான் கடைசி நேரத்துல கால வாரி விடும். இதுக்கு நான் அடிக்கடி சொல்ற உதாரணம் டிஸ்கார்ட்ங்கற சாட் ஆப் 2022ல அவங்க மெசேஜ் எல்லாத்தையும் கசாண்ட்ராங்கற டேட்டாபேஸ்லேந்து சில்லாடிபிங்கற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாத்துன கதை. இதப் பத்தி அவங்க இன்ஜினியர்ங்களே வெளிப்படையா எழுதியிருக்காங்க, ஆனா அத படிச்ச பாதி பேரு "ரஸ்ட் மொழில எழுதுனா வேகம்"ங்கற ஒத்த வரிய மட்டும் எடுத்துகிட்டு போயிட்டாங்க, அந்த எரிச்சல்ல தான் இத எழுதுறேன்னு வெச்சுக்கோங்க.

கொஞ்சம் பின்னாடி போவோம். டிஸ்கார்ட் 2015ல ஆரம்பிச்சப்ப எல்லாமே மாங்கோடிபிங்கற டேட்டாபேஸ்ல ஒரே ரெப்ளிகா செட்ல (ஒரே டேட்டாவோட நகல வெச்சிருக்கற மெஷின் கூட்டம்) தான் இருந்துச்சு. அந்த வருஷம் நவம்பர்லயே 10 கோடி மெசேஜ் சேந்துருச்சு, டேட்டாவும் இன்டெக்ஸும் ரேம்ல அடங்கல, எந்த கொரி (டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வி) எப்ப இழுக்கும்னே சொல்ல முடியாத நெலமை. அதனால கசாண்ட்ராவுக்கு போனாங்க. சேனல் ஐடியும் பத்து நாள் அளவுள்ள ஒரு பக்கெட்டும் சேந்தது தான் பார்ட்டிஷன், அதாவது ஒண்ணா வெக்கிற டேட்டா கட்டு, அதுக்குள்ள மெசேஜ் ஐடி வரிசை. பத்து நாள் ஏன்னா, இருக்கறதுலயே பெரிய சேனல்ங்கள எடுத்து பாத்தப்ப பத்து நாள் மெசேஜ ஒண்ணா வெச்சா கூட ஒரு பார்ட்டிஷன் 100 எம்பிக்குள்ள அடங்கிரும்னு தெரிஞ்சுது. 2017ல 12 நோடு, அதாவது 12 மெஷின், சில நூறு கோடிங்கற கணக்குல மெசேஜ். 2022 ஆரம்பத்துல அதே கிளஸ்டர் (நோடுங்களோட கூட்டம்) 177 நோடு, மெசேஜ் லட்சம் கோடிங்கற கணக்குல.

இந்த எடத்துல ஒரு பழைய சம்பவத்த சொல்லிடணும், ஏன்னா கடைசில அதே ஆளு வேற சட்ட போட்டுகிட்டு திரும்ப வர்றாரு.

கசாண்ட்ரால ஒரு வரிய அழிச்சா அது உடனே அழியாது. டிஸ்க்ல எறக்குன ஃபைல அது திரும்ப திருத்தவே திருத்தாது, அதனால அழிக்கிறதுக்குப் பதிலா "இந்த வரி செத்துருச்சு"ன்னு புதுசா ஒரு குறிப்பு எழுதி வெக்கும், அதுக்குப் பேரு தான் டூம்ஸ்டோன். மளிகைக்கடை பற்று நோட்டு மாதிரி நெனச்சுக்கோங்க, அண்ணாச்சி எழுதுனத அடிக்கவே மாட்டாரு, கடன் அடைஞ்சா வேற பக்கத்துல "முருகேசன் கணக்கு தீந்துச்சு"ன்னு இன்னொரு வரி எழுதுவாரு. இப்ப யாரு பாக்கி வெச்சிருக்காங்கன்னு கேட்டா நோட்டு முழுக்க பொரட்டி கூட்டிக் கழிச்சு தான் சொல்லணும். பாக்கி வெச்சிருக்கறது ஒரே ஆளா இருந்தாலும் நோட்டு அதே தடிமன் தான்.

கசாண்ட்ராவுக்கு போய் ஆறு மாசம் எந்தப் பிரச்சினையும் இல்லாம ஓடிட்டு இருந்தது ஒரு நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு. பத்து பத்து செகண்ட் ஜாவா கார்பேஜ் கலெக்ஷன்ல (மெமரில சேந்த குப்பைய அள்ற வேல) எல்லாமே ஒறஞ்சு நிக்குது. தேடிப் பாத்தா ஒரு சேனல் தொறக்க 20 செகண்ட் எடுக்குது. பஸில் அண்ட் டிராகன்ஸ் கேம் ஆடுறவங்களோட பப்ளிக் சர்வர் அது (டிஸ்கார்ட்ல சர்வர்னா பல சேனல் உள்ள ஒரு குழு). உள்ள போய் பாத்தா சேனல்ல இருக்கறது மொத்தமே ஒரே ஒரு மெசேஜ்! அந்த சர்வர்காரங்க டிஸ்கார்டோட ஏபிஐ (புரோகிராம்ங்க டிஸ்கார்டோட பேசுற வாசல்) வழியா பல லட்சம் மெசேஜ அழிச்சுட்டு ஒண்ண மட்டும் விட்டு வெச்சிருக்காங்க. அந்த ஒண்ண கண்டுபிடிக்க கசாண்ட்ரா அத்தன லட்சம் டூம்ஸ்டோனையும் தாண்டி வரணும், வர்ற வழியில குவியுற குப்பைய ஜேவிஎம்மால (ஜாவா புரோகிராம ஓட்டுற மென்பொருள்) அள்ளி மாளல. டூம்ஸ்டோன வெச்சிருக்கற கெடு டீஃபால்ட்டா பத்து நாள், அத ரெண்டு நாளா கொறச்சாங்க, காலி பக்கெட் எது எதுன்னு குறிச்சு வெச்சு அத தேடாத மாதிரி கோடையும் மாத்துனாங்க.

இன்னொண்ணும் இருந்துச்சு. மெசேஜ் டேபிள்ல 16 காலம் (column), சராசரியா 4ல தான் மதிப்பு இருக்கும், மீதி 12க்கும் நல்னு (null, மதிப்பு இல்லன்னு) எழுதிகிட்டு இருந்தாங்க. கசாண்ட்ராவுக்கு நல் எழுதுறதும் அழிக்கிறதும் ஒண்ணு தான். அதாவது ஒவ்வொரு புது மெசேஜுக்கும் 12 டூம்ஸ்டோன் காரணமே இல்லாம போய்க்கிட்டே இருந்திருக்கு. மதிப்பு இருக்கறத மட்டும் எழுதுன்னு மாத்துனதோட அது சரியாச்சு. ஓஆர்எம் (டேட்டாபேஸ் வரிய கோடுக்குள்ள ஆப்ஜெக்ட்டா காட்டுற லைப்ரரி) வெச்சு "எல்லா ஃபீல்டையும் சேவ் பண்ணு"ன்னு அடிக்கிற பழக்கம் உள்ளவங்க இத ஒரு தடவ நிறுத்தி படிங்க.

சரி, 2022க்கு வருவோம்.

மாத்தணும்னு முடிவெடுத்தப்ப பழைய கிளஸ்டர் நல்ல நெலமைல இல்ல. கசாண்ட்ரால எழுதுறது சல்லிசு, கமிட் லாக்ல போட்டு மெமரில வெச்சா வேல முடிஞ்சுது, படிக்கும்போது தான் மெமரியையும் டிஸ்க்ல இருக்கற பல ஃபைலையும் பாத்து ஒண்ணு சேத்து குடுக்கணும். பெரிய சர்வர்ல யாராச்சும் எல்லாரையும் டேக் பண்ணி ஒரு அறிவிப்பு போட்டா லட்சம் பேரு ஒரே நேரத்துல அதே பார்ட்டிஷன படிக்க வருவாங்க, அந்த பார்ட்டிஷன் இருக்கற நோடு சூடாகும், எல்லா படிப்பும் எழுத்தும் கோரம் கணக்குல (நகல் வெச்சிருக்கற நோடுங்கள்ல பெரும்பான்மை பதில் சொல்லணும்) நடக்கறதால அந்த நோட தொடுற சம்பந்தமில்லாத சேனல்காரங்களும் சேந்து காத்திருப்பாங்க. இதுக்கு நடுவுல கம்பாக்ஷன், அதாவது சின்ன சின்ன ஃபைல சேத்து செத்தத தூக்கி எறிஞ்சு பெருசாக்குற வேல, அது பின்தங்கிகிட்டே போகுது. கம்பாக்ஷன் பின்தங்குனா படிக்க வேண்டிய ஃபைல் அதிகம், படிக்கிறது இன்னும் மெதுவு, அதனால கம்பாக்ஷன் இன்னும் பின்தங்கும். ஒவ்வொரு நோடா டிராஃபிக்லேந்து வெளிய எடுத்து, நிம்மதியா கம்பாக்ட் பண்ண விட்டு, திரும்ப உள்ள சேத்து, அது இல்லாத நேரத்துல விட்டுப்போனத வாங்கிக்க வெச்சு, அப்புறம் அடுத்த நோடு. இத ஒரு வேலையாவே வெச்சு பண்ணிகிட்டு இருந்தாங்க. போதாக்கொறைக்கு ஜேவிஎம் கார்பேஜ் கலெக்ஷன் பாஸ் வேற, சில சமயம் ஆளு கையால ரீபூட் பண்ணி நோட மீட்டெடுக்குற அளவுக்கு.

மைக்ரேஷன் மெதுவா போறதுக்கு இது தான் மொத காரணம், நம்ம ஆளுங்க யாரும் எஸ்டிமேட்ல எழுதாத காரணமும் இது தான். டேட்டாபேஸ மாத்துறோம்னாலே பழசு ஏதோ கஷ்டப்படுதுன்னு தான அர்த்தம்? ஏற்கனவே மூச்சு வாங்குற அந்த ஆளுகிட்ட போய் "இருக்கறத எல்லாம் வேகமா தூக்கி குடு"ன்னு கேக்குறோம். அவரு லைவ் டிராஃபிக்கையும் பாக்கணும், நமக்கும் தூக்கி குடுக்கணும். பழைய டேட்டாபேஸ்ல மிச்சம் இருக்கற தெம்பு எவ்ளோவோ அவ்ளோ தான் காப்பி வேகம், நடுவுல 100 ஜிகாபிட் நெட்வொர்க் போட்டாலும் அதுல மாத்தம் இருக்காது.

டிஸ்கார்ட் ஆளுங்க சில்லாடிபிய ஏன் எடுத்தாங்கன்னா அது கசாண்ட்ரா மாதிரியே பேசும் ஆனா சி++ல எழுதுனது, கார்பேஜ் கலெக்ஷனே கெடையாது, ஒவ்வொரு சிபியு கோருக்கும் தனித்தனி பங்கு பிரிச்சு குடுத்துரும். 2020லயே மத்த எல்லா டேட்டாபேஸையும் அதுக்கு மாத்திட்டாங்க, மெசேஜ் கிளஸ்டர் ஒண்ண மட்டும் விட்டு வெச்சாங்க. சின்னத மொதல்ல மாத்தி கை பழகிக்கணும்ங்கறது ஒண்ணு. இன்னொண்ணு, வரிசைக்கு எதிர் திசைல படிக்கிற கொரி அப்ப சில்லாவுல அவங்களுக்கு போதுமான வேகத்துல இல்ல, சில்லா டீமே அத முன்னுரிமை குடுத்து சரி பண்ணுன பிறகு தான் பெரியத தொட்டாங்க. ரெண்டு வருஷம் காத்திருந்து தொட்டத நான் ரொம்ப மதிக்கிறேன். நம்மூர்ல பெரும்பாலும் பெரிய டேபிள்லேந்து தான் ஆரம்பிப்போம், ஏன்னா ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்ல அது தான் எடுப்பா தெரியும்.

டேட்டாவ நகத்தறதுக்கு முன்னாடி இன்னொரு வேல பண்ணுனாங்க. ஏபிஐக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவுல ரஸ்ட்ல எழுதுன டேட்டா சர்வீஸ் ஒண்ண வெச்சாங்க. பத்தாயிரம் பேரு ஒரே மெசேஜ கேட்டா டேட்டாபேஸுக்கு ஒரே கொரி தான் போகும், மொதல்ல கேட்டவருக்காக ஒரு டாஸ்க் ஓட ஆரம்பிக்கும், பின்னாடி அதையே கேட்டு வர்றவங்க அந்த டாஸ்க்கோட ஒட்டிக்குவாங்க, பதில் வந்ததும் எல்லாருக்கும் பிரிச்சு குடுத்துரும். ரேஷன் கடை வரிசைல மொத ஆளு "சீனி வந்துருச்சா"ன்னு கேட்டா பின்னாடி நிக்கிற நாப்பது பேருக்கும் சேத்து தான பதில், அதே தான். ஒரே சேனல் கேள்விங்க எல்லாம் ஒரே சர்வீஸ் இன்ஸ்டன்ஸுக்கு போற மாதிரி ஹாஷ் (எதையும் ஒரு எண்ணாக்குற கணக்கு) வெச்சு வழியும் பிரிச்சாங்க. இதனால பழைய கிளஸ்டருக்கு சூடு கொறஞ்சுது. முழுசா நிக்கல, ஆனா மூச்சு விட எடம் கெடச்சுது. மூட்டைய தூக்க சொல்றதுக்கு முன்னாடி அவரு தலைல ஏற்கனவே இருந்த சுமைய எறக்கி வெச்சாங்க. முழு கதைலயும் எனக்கு ரொம்ப புடிச்ச முடிவு இது தான்.

மொத பிளான் வழக்கமானது தான். புது கிளஸ்டர எழுப்பு, புதுசா வர்ற மெசேஜ ரெண்டு பக்கமும் எழுது, ஒரு தேதிய எல்லையா வெச்சு அதுக்கு அப்புறம் வந்தத சில்லாலேந்து படி, அதுக்கு முந்தினத பின்னாடி மெதுவா நகத்து. நகத்தறதுக்கு சில்லா குடுக்கற ஸ்பார்க் மைக்ரேட்டர (டேட்டா நகத்துற கருவி) வெச்சு, நெறைய டியூன் பண்ணி, ஓட்டிப் பாத்தா அது சொன்ன கணக்கு: மூணு மாசம்.

மூணு மாசம்னா சும்மா காத்திருக்கற மூணு மாசமா? ரெண்டு கிளஸ்டருக்கும் காசு, ரெண்டு பக்கமும் எழுதுற கோடு, எந்த தேதி மெசேஜ் எங்க இருக்குன்னு பாத்து பிரிச்சு படிக்கிற கோடு, இது எல்லாத்தையும் தூக்கிகிட்டு மூணு மாசம். அந்த மூணு மாசமும் பழைய 177 நோடுல அடிக்கடி ஏதாவது ஒண்ணு தடுமாறும், தடுமாறுறப்ப எல்லாம் காப்பியும் தடுமாறும். மெதுவா போற மைக்ரேஷனுக்குன்னு இப்டி ஒரு கொணம் உண்டு, மெதுவா போறதாலயே அது இன்னும் மெதுவாகும்.

அவங்க பண்ணுனது என்னன்னா, ஏற்கனவே இருந்த டேட்டா சர்வீஸ் லைப்ரரிய ஒரே மதியத்துல நீட்டி சொந்த மைக்ரேட்டர் எழுதிட்டாங்க. ஒரு மதியம்ங்கறது கேக்க பிரமிப்பா இருக்கும், ஆனா டேட்டாபேஸோட பேசுறது, தோத்தா திரும்ப முயற்சி பண்றது, ஒரே நேரத்துல ஆயிரக்கணக்குல வேலைய ஓட்டுறது எல்லாம் லைப்ரரில ஏற்கனவே இருந்திருக்கும், அதுக்கு மேல ஒரு மாடி தான் கட்டுனாங்க, அஸ்திவாரத்துக்கு ஆன நாள யாரும் எண்றதில்ல.

அது வேல செஞ்ச விதம் ரொம்ப எளிமை. கசாண்ட்ரா ஒவ்வொரு பார்ட்டிஷன் கீயையும் ஹாஷ் பண்ணி 64 பிட் எண்ணாக்கி, அந்த எண் வட்டத்த நோடுங்களுக்கு பங்கு போட்டு குடுத்திருக்கு. அந்த வட்டத்த சின்ன சின்ன துண்டா வெட்டுனா ஒவ்வொரு துண்டும் தனித்தனியா படிக்கக்கூடிய ஒரு வேல. சேனல் லிஸ்ட் எடுத்து ஒவ்வொரு சேனலா போய் கேக்க வேண்டாம், டிஸ்க்ல எந்த வரிசைல கெடக்கோ அதே வரிசைல வாரிகிட்டு வரலாம். ஒரு துண்டு படி, சில்லாவுல கொட்டு, முடிஞ்சதுன்னு லோக்கல்ல இருக்கற ஒரு எஸ்க்யூலைட் ஃபைல்ல குறிச்சு வை, அடுத்தது. நடுவுல புரோகிராம் செத்தா குறிக்காத துண்ட மட்டும் திரும்ப ஓட்டு. பாதி எழுதுன துண்ட திரும்ப எழுதுனா ரெட்டிப்பாகாதான்னு கேப்பீங்க, ஆகாது, கசாண்ட்ரா சில்லா ரெண்டுலயும் எழுதுறதுன்னாலே இருந்தா மாத்து இல்லாட்டி சேரு தான், அதே கீ அதே மதிப்பு பத்து தடவ எழுதுனாலும் ஒரு வரி தான். ஒண்ணே ஒண்ணு கவனிக்கணும், இந்த மாதிரி காப்பில பழைய வரிய எழுதும்போது அதோட பழைய டைம்ஸ்டாம்ப்பையே கொண்டு போகணும். இல்லன்னா யூசர் நேத்து எடிட் பண்ணி ரெண்டு பக்கமும் எழுதுன புது மெசேஜ, இன்னைக்கு வந்து சேர்ற பழைய காப்பி "நான் தான் கடைசியா வந்தேன்"னு மேல உக்காந்துக்கும்.

வேகம் நொடிக்கு 32 லட்சம் மெசேஜ் வரைக்கும் போச்சு. ஒரு நாளைக்கு 86,400 செகண்ட், பெருக்கிப் பாத்தா 27,648 கோடி, உச்ச வேகத்துலயே ஒம்பது நாளும் ஓடுனா கிட்டத்தட்ட ரெண்டரை லட்சம் கோடி. அவங்க புது எஸ்டிமேட்டும் ஒம்பது நாள். பத்து மடங்கு வித்தியாசம். ஒம்பது நாள்னு ஆன உடனே அந்த தேதி எல்லை, பிரிச்சு படிக்கிற கோடு எல்லாத்தையும் தூக்கி போட்டுட்டு, எல்லாத்தையும் நகத்திட்டு ஒரே அடியா ஸ்விட்ச் போட்டுரலாம்னு பிளானே சுருங்கிருச்சு.

ரஸ்ட்னால தான் பத்து மடங்கான்னு கேட்டா, என் அபிப்பிராயம், மொழிக்கு பங்கு உண்டு, ஜேவிஎம் குப்பை அள்ற வேல ஒரு பக்கமாச்சும் மிச்சம். ஆனா ஸ்பார்க் மைக்ரேட்டர் எல்லாருக்கும் எல்லா டேபிளுக்கும் பொருந்தணும்னு எழுதுன ரெடிமேட் சட்ட. இது இவங்க ஒரே டேபிளுக்கு, இவங்க ஒரே வரி அமைப்புக்கு அளவெடுத்து தச்சது. அதே அளவெடுப்ப கோ மொழில பண்ணியிருந்தாலும் மூணு மாசம் நல்லாவே கொறஞ்சிருக்கும்னு தான் நெனைக்கிறேன்.

அப்புறம் அந்த கடைசி கட்டம். பல நாள் ஓடி மீட்டர் 99.9999 பர்சென்ட்ல வந்து நின்னுச்சு, நகரல. கடைசி சில துண்டுங்கள படிக்கப் போனா டைம்அவுட், திரும்ப போனா திரும்பவும் டைம்அவுட். மெசேஜ் எண்ணிக்கையா பாத்தா லட்சம் கோடில 99.9999 போக மிச்சம் பத்து லட்சம் தான், அவங்க வேகத்துக்கு அது அரை செகண்ட் வேல கூட இல்ல. ஆனா நாள் கணக்குல நிக்கக்கூடிய எடம் அது.

யாருன்னு பாத்தா நம்ம பழைய ஆளு, டூம்ஸ்டோன். கம்பாக்ஷன்ல என்னைக்குமே அகப்படாம தங்கிப்போன பிரம்மாண்டமான டூம்ஸ்டோன் கூட்டம் அந்த துண்டுங்கள்ல கெடந்துச்சு. கெடு தாண்டுன டூம்ஸ்டோன் தானா மறையாது, அது இருக்கற ஃபைல கம்பாக்ஷன் எடுத்து திரும்ப எழுதுனா தான் மறையும், கம்பாக்ஷன் பின்தங்குன கிளஸ்டர்ல அந்த முறை வராமலே போகலாம். படிக்கிறவன் ஒரு பக்கம் குடுன்னு கேக்குறான், பக்கம்னா உயிரோட இருக்கற இத்தன வரி. செத்த வரி எண்ணிக்கைல சேராது. அதனால சர்வர் அந்த பக்கத்த நெரப்ப செத்தத எல்லாம் தாண்டித் தாண்டி போய்கிட்டே இருக்கும், கசாண்ட்ரால இந்த மாதிரி துண்டு வாசிப்புக்கு டீஃபால்ட் கெடு 10 செகண்ட், அது முடிஞ்சதும் கைய விரிச்சுரும். டைம்அவுட் ஆச்சுன்னு திரும்ப கேட்டா விட்ட எடத்துலேந்து ஆரம்பிக்குமா? ஆரம்பிக்காது. மொதல்லேந்து அதே செத்த வரிங்கள எண்ணும். ரீட்ரைய பத்துலேந்து நூறா ஏத்துனா நூறு தடவ தோக்கும், அவ்ளோ தான்.

அவங்க பண்ணுன வைத்தியம் ஒரு கமாண்ட். அந்த எண் துண்ட மட்டும் குறிச்சு குடுத்து கம்பாக்ட் பண்ண சொன்னாங்க. செத்தது எல்லாம் போச்சு, சில செகண்ட்ல மைக்ரேஷன் 100 ஆயிருச்சு. பழைய டேட்டாபேஸ்ல தான் கை வெச்சாங்க. பஸில் அண்ட் டிராகன்ஸ் சேனல்ல அன்னைக்கு நடந்ததும் இதே கதை தான், அன்னைக்கு ஒரு சேனல தொறக்க முடியல, இன்னைக்கு கடைசி துண்டு வெளிய வரல.

சரிபார்ப்ப பத்தி சுருக்கமா, வர்ற படிப்புல சின்ன சதவீதத்த ரெண்டு டேட்டாபேஸுக்கும் அனுப்பி பதில் ஒண்ணா இருக்கான்னு தானா ஒப்பிட்டு பாத்தாங்க. வெறும் வரி எண்ணிக்கைய ஒப்பிட்டு "மேட்ச் ஆயிருச்சு சார்"னு மெயில் போடுறத விட இது எவ்ளவோ மேல். 2022 மே மாசம் ஸ்விட்ச் போட்டாங்க. 177 நோடு 72 ஆச்சு, பழசுல ஒரு நோட்ல சராசரியா 4 டெராபைட் இருந்த எடத்துல புதுசுல ஒவ்வொண்ணுக்கும் 9 டெராபைட் டிஸ்க். டிஸ்க்லயும் கொஞ்சம் விளையாடியிருக்காங்க, கூகுள் கிளவுட்ல லோக்கல் எஸ்எஸ்டி படு வேகம் ஆனா மெஷின் போனா டேட்டாவும் போயிரும், பெர்சிஸ்டன்ட் டிஸ்க் பத்திரம் ஆனா நெட்வொர்க் வழியா போய் வரணும், ரெண்டையும் ரெய்டுல (பல டிஸ்க்க ஒண்ணா சேக்குற முறை) கட்டி வேகத்துக்கு ஒண்ணு பத்திரத்துக்கு ஒண்ணுன்னு வெச்சுகிட்டாங்க. பழைய மெசேஜ எடுக்கற பி99 நேரம் (நூத்துல 99 கேள்வி இதுக்குள்ள முடியும்ங்கற நேரம்) 40லேந்து 125 மில்லிசெகண்ட் வரைக்கும் ஆடிகிட்டு இருந்தது 15க்கு வந்துச்சு, எழுதுறது 5லேந்து 70 வரைக்கும் இருந்தது அசையாம 5ல நின்னுச்சு. அதே வருஷம் டிசம்பர் 18ல கத்தார்ல உலகக் கோப்பை ஃபைனல், அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3ல முட்டி பெனால்டிக்கு போன அந்த மேட்ச், ஒவ்வொரு கோலுக்கும் மெசேஜ் கிராஃப் கொம்பு மாதிரி எகிறுச்சு, டேட்டாபேஸ் அலட்டிக்கல.

இதெல்லாம் லட்சம் கோடி வெச்சிருக்கறவங்க கதை, நம்ம நூறு கோடி வரிக்கு என்னன்னு கேக்கலாம். நம்ம அளவுல மொதல்ல வேற தப்புங்க தான் சாப்பிடும். ஒவ்வொரு வரியா இன்சர்ட் பண்ணி கமிட் அடிச்சா, போய் வர ஒரே ஒரு மில்லிசெகண்ட்னு வெச்சா கூட நூறு கோடி வரிக்கு பத்து லட்சம் செகண்ட், பதினோரு நாளுக்கு மேல. ஆஃப்செட் போட்டு பத்தாயிரம் பத்தாயிரமா பக்கம் பிரிச்சா, ஒரு லட்சம் கொரி, ஒவ்வொண்ணும் முன்னாடி இருக்கறத எல்லாம் எண்ணித் தள்ளிட்டு தான் வரும், மொத்தமா தள்ளுறது 50 லட்சம் கோடி வரி. மொதல்ல பறக்கும், போகப் போக நடக்கும், அப்புறம் தவழும். கடைசியா படிச்ச ஐடிக்கு மேலன்னு கேட்டா இந்த தொல்லையே இல்ல. போஸ்ட்கிரெஸ்ல காப்பி கமாண்ட் வெச்சு ஏத்துறது, ஏத்தி முடிச்ச பிறகு இன்டெக்ஸும் ஃபாரின் கீயும் கட்டுறது, கடைசில அனலைஸ் ஓட்டுறது, இதெல்லாம் அவங்க மேனுவல்லயே இருக்கு, யாரும் படிக்கிறதில்ல.

ஆனா இத எல்லாம் சரி பண்ணுன பிறகு மிச்சம் நிக்கிறது பெரும்பாலும் டிஸ்கார்ட்ல நின்னதே தான், பேரு மட்டும் வேற. ஆரக்கிள்ல டெலீட் அடிச்சு முக்கால்வாசி டேபிள காலி பண்ணியிருந்தாலும் முழு ஸ்கேன் பழைய ஹை வாட்டர் மார்க் (டேபிள் என்னைக்கோ தொட்ட உச்ச அளவு) வரைக்கும் போய் காலி பிளாக்க எல்லாம் படிச்சுட்டு தான் திரும்பும். போஸ்ட்கிரெஸ்ல வேக்கும் (vacuum, செத்தத சுத்தம் பண்ற வேல) வந்து அள்ற வரைக்கும் செத்த வரி அப்டியே கெடக்கும். மைஎஸ்க்யூஎல் இன்னோடிபிலயும் பர்ஜ் (அதே மாதிரி சுத்தம் பண்ற வேல) ஆகுற வரைக்கும் அதே தான். இதுல கொடுமை என்னன்னா, ஒரே டிரான்சாக்ஷன்ல ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவோட ஒறஞ்ச காட்சி) புடிச்சு ரெண்டு நாள் டேட்டாவ இழுத்தோம்னு வைங்க, அந்த ரெண்டு நாளும் நம்ம ஸ்னாப்ஷாட்டுக்கு வேணும்னு வேக்குமும் பர்ஜும் செத்த வரிய தொடாம விட்டு வெக்கும். நாம காப்பி பண்ண பண்ண நமக்கு முன்னாடியே பொணம் குவியும்.

நான் கடைசியா பண்ணுன ஒண்ணுல, கஸ்டமர் பேரு வேண்டாம், எல்லா டேபிளையும் சின்ன சின்ன துண்டா வெட்டி சோதனைக்கு ஓட்டிட்டு, சராசரிய விட்டுட்டு ஒவ்வொரு துண்டுக்கும் ஆன நேரத்த பெருசுலேந்து சிறுசா அடுக்கிப் பாத்தேன். பெரிய டேபிள்ங்க எல்லாம் எதிர்பாத்த நேரத்துல தான் இருந்துச்சு. மேல உச்சில நின்னது ஆயிரக்கணக்குல கூட வரி இல்லாத ஒரு டேபிள், பழைய ஓடிபிய தெனம் ராத்திரி ஒரு ஜாப் வந்து அழிச்சுகிட்டு இருந்த டேபிள்.